அம்மாவின் தலையில் அடிக்கும் கருடனும் கோழிக்கூட்டில் இருக்கும் குஞ்சும்

தம்பி, நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். உப்புவெளியில் உங்கள் வளவின் எல்லையில் நிற்கும் வாகை மரத்திலிருந்து ஒரு பருந்து பாய்ந்து வந்து, மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போடும் அம்மாவின் தலையில் இரண்டு வாரமாக அடிக்கிறது. போன வெள்ளிக்கிழமை உச்சந்தலையில் நகம் பட்டு இரத்தமும் வந்துவிட்டது. இதற்கு விசர்நாய்க்கடி ஊசி போட வேண்டுமா என்பது முதலாவது. மூன்று நாட்களுக்கு முன் அதே மரத்தடியில் விழுந்து கிடந்த பழுப்பு நிறக் குஞ்சு ஒன்றை எடுத்துக் கோழிக்கூட்டில் விட்டு, சோறும் மீனும் வைக்கிறீர்கள். அது என்ன பறவை, எப்படி வளர்ப்பது என்பது இரண்டாவது. பருந்து தலையில் அடிப்பது தோஷம், மரத்தைத் தறித்துவிடுங்கள் என்று அயலவர்கள் சொல்கிறார்கள், தறிக்கலாமா என்பது மூன்றாவது. நீங்கள் எழுதியதை இரண்டாம் முறை வாசித்தபோது, இந்த மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் பட்டது. இந்தப் பறவைக்கு எங்கள் மேல் என்ன கோபம், அது எப்போது தீரும்? அதற்கான பதில் உங்கள் கோழிக்கூட்டுக்குள் இருக்கிறது. அடிக்கிற பருந்தும் நீங்கள் காப்பாற்ற நினைக்கிற குஞ்சும் தாயும் பிள்ளையும்.

நான் பேராதனையில் மிருக வைத்தியம் படித்து, இருபத்தேழு வருடம் திருகோணமலை மாவட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். படித்தது பெரும்பாலும் மாடும் ஆடும் கோழியும்தான். வேட்டைப் பறவைகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல், மீனவர்களும் வயற்காரர்களும் சாக்கிலும் கடகத்திலும் சுற்றிக் கொண்டுவந்து தந்த பறவைகளைக் கையில் வைத்துக் கற்றது. ஆகவே எது உறுதி, எது என் கண்ணில் பட்டது மட்டும் என்று பிரித்தே சொல்கிறேன். நீங்கள் இணைத்த படத்தை வைத்துக்கொண்டு குஞ்சின் உடம்பில் எலும்பு முறிவு இருக்கிறதா இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது. அதைக் கையால் தடவித்தான் அறிய வேண்டும்.

முதலில் அம்மாவின் காயம். விசர்நாய்க்கடி பாலூட்டிகளின் நோய். நாய், பூனை, கீரி, வௌவால் போன்றவற்றின் கடியைப் பற்றி நாம் பயப்பட வேண்டும். பறவையின் கீறலால் அந்த நோய் வருவதில்லை, அதற்காக அந்த ஊசி தேவையில்லை. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் ஏற்பு (டெட்டனஸ்) ஊசியை அலட்சியம் செய்ய வேண்டாம். மீன் கழிவையும் செத்த நண்டையும் பிடித்த நகம் அது. அம்மா கடைசியாக ஏற்பு ஊசி போட்டு ஐந்து வருடம் கடந்திருந்தால், அல்லது எப்போது போட்டது என்றே நினைவில்லை என்றால், இன்றைக்கே வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். இனி ஒரு முறை கீறல் பட்டால் உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். மஞ்சளையும் கோப்பித் தூளையும் அப்ப வேண்டாம். அம்மாவுக்கு நீரிழிவு இருந்தால் சிறிய கீறலையும் இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். சிவந்து வீங்கினாலோ சீழ் பிடித்தாலோ நான் எழுதியதை நம்பிக்கொண்டிராமல் வைத்தியரிடம் போங்கள்.

இனிப் பறவை. குஞ்சு பழுப்பாக இருப்பதால் இது கருடனாக இருக்காது, வேறு ஏதோ பருந்து என்று நினைத்திருக்கிறீர்கள். அது கருடன்தான். செம்பருந்து என்றும் சொல்வோம். வளர்ந்த பறவைக்குத் தலையும் நெஞ்சும் வெள்ளை, மற்ற உடம்பெல்லாம் செங்கல் நிறம். குஞ்சு அந்த உடுப்போடு பிறப்பதில்லை. முதல் வருடம் முழுவதும் வெளிர்கோடுகள் விழுந்த பழுப்பு நிறத்தில்தான் இருக்கும். இதைப் பார்த்துவிட்டுக் கரும்பருந்து என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். வாலைப் பாருங்கள். கரும்பருந்தின் வால் நுனி நடுவில் பிளந்திருக்கும், கருடனின் வால் நுனி வளைந்து உருண்டிருக்கும். உங்கள் படத்தில் வால் பாதிதான் வளர்ந்திருக்கிறது, ஆனாலும் நுனி உருண்டிருப்பது தெரிகிறது. மாடியில் பாயும் பெரிய பறவைக்கு வெள்ளைத் தலை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கேள்விக்கு இடமில்லை.

ஒரு சொல்லையும் இங்கே திருத்த வேண்டியிருக்கிறது. உங்கள் அயலவர் ஒருவர் இதைப் பிணந்தின்னிக் கழுகு என்றாராம். இலங்கையில் அந்த வகைக் கழுகு வதிவதே இல்லை. நம்முடைய கடற்கரையில் கழுகு என்ற பெயருக்குத் தகுதியானது வெண்வயிற்றுக் கடற்கழுகு. கோணேசர் மலைக்குப் போய்ப் பாறையின் விளிம்பிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால், நம் கண்மட்டத்துக்குக் கீழே சாம்பல் முதுகும் வெள்ளைத் தலையுமாக அது மிதந்து போவதைக் காணலாம். இறக்கையை விரித்தால் இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்கு இரண்டு மீற்றர் வரும். கருடன் அதற்கு முன்னால் சிறிய பறவை. முழு உடம்பும் அரைக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். உங்கள் அக்காவின் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுமோ என்று பயப்படுகிறீர்கள். அரைக் கிலோப் பறவையால் அது நடக்கவே நடக்காது. கோழிக்குஞ்சைத் தூக்கும், அது உண்மை. குஞ்சுகள் பெரிதாகும் வரை கரப்பின் கீழ் கவிழ்த்து வையுங்கள்.

அது ஏன் பாய்கிறது? தெற்காசியாவில் கருடன் கூடு கட்டுவது பெரும்பாலும் மார்கழிக்கும் சித்திரைக்கும் இடையில். குச்சிகளை அடுக்கி, உள்ளே பச்சை இலை பரப்பி, வழக்கமாக இரண்டு முட்டை இடும். நான்கு வாரத்துக்குச் சற்றுக் குறைவாக அடைகாக்கும். குஞ்சு பொரித்து ஏழு எட்டு வாரத்தில் பறக்கும். உங்கள் மரத்தில் நடப்பது இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. அடிக்கத் தொடங்கியது இரண்டு வாரத்துக்கு முன். குஞ்சுகள் எழுந்து கூட்டின் விளிம்புக்கு வரும் வயது அது. மரத்தடியில் வருவோர் போவோரை அது கவனிப்பதே இல்லை, மாடிக்கு ஏறுகிறவரை மட்டும்தான் அடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்த இடங்களிலும் அப்படித்தான். தரையில் நடக்கிற மனிதன் அதன் உலகத்துக்குக் கீழே இருக்கிறான். மாடியில் நிற்கிறவர் கூட்டின் உயரத்துக்கே வந்துவிடுகிறார், அதுவும் கையில் பெரிய ஈரத்துணியை உதறிக்கொண்டு. அந்தத் தாயின் இடத்தில் நின்று பார்த்தால், வீட்டு வாசலுக்கே ஒருவர் வந்து சாக்கை விரித்து உதறுவது போல.

தம்பலகாமத்தில் ஒரு நாள் பார்த்ததைச் சொல்கிறேன், அதற்குப் பிறகுதான் இது எனக்குச் சரியாக விளங்கியது. அறுவடை முடிந்த வயலில் கன்று போட முடியாமல் தவித்த ஒரு பசுவைப் பார்க்கப் போயிருந்தேன். வரம்பில் நடக்கும்போது ஆள்காட்டிக் குருவி ஒன்று தலைக்கு மேலே கத்திக் கத்திப் பாய்ந்தது. காதின் ஓரத்தில் காற்று அடித்தது, உடம்பில் படவில்லை. வேலை முடிந்து திரும்பி வரும்போது அதன் முட்டைகளைக் கண்டேன். கூடு என்று எதுவும் இல்லை. காய்ந்த மண்ணில் கையகலப் பள்ளம், அதில் சில கூழாங்கற்களும் ஆட்டுப் புழுக்கைகளும், நடுவில் மண் நிறத்தில் கறுப்புப் புள்ளிகள் போட்ட நான்கு முட்டைகள். நான்கின் கூர்முனையும் உள்பக்கம் பார்த்துச் சேர்ந்திருந்தன. நான் தூரத்தில் போய் நின்றேன். மேய்ச்சல் மாடு ஒன்று தலையைக் குனிந்தபடி நேராக அந்தப் பள்ளத்தை நோக்கி வந்தது. மனிதனைக் கண்டால் எழுந்து பறந்து கத்துகிற அதே பறவை, மாட்டுக்கு முன்னால் பறக்கவில்லை. முட்டைகளின் மேல் நின்று இரண்டு இறக்கைகளையும் விரித்து, மாட்டின் மூக்குக்கு நேராக அலறியது. மாடு மூச்சை விட்டு ஒரு கணம் நின்று, வேறு பக்கம் திரும்பிப் போனது. மனிதன் கண்ணால் தேடுகிறவன், அவனைத் திசைதிருப்ப வேண்டும். மாடு கண்ணால் தேடாது, காலால் மிதித்துவிடும், அதைத் தடுத்து நிறுத்த வேண்டும். ஒரு கைப்பிடி எடைகூட இல்லாத பறவை இந்த இரண்டையும் பிரித்து அறிந்து வைத்திருக்கிறது. கருடனின் பாய்ச்சலும் இதே குடும்பம்தான். அது கோபம் இல்லை, வேட்டையும் இல்லை. ‘இதற்கு மேல் வராதே’ என்று அது சொல்கிற வழி.

அம்மாவை மட்டும் அடையாளம் வைத்து அடிக்கிறது, அப்பா போனால் அடிப்பதில்லை என்கிறீர்கள். இதில் உறுதியானதையும் ஊகத்தையும் பிரிக்க வேண்டும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு குறிப்பிட்ட முகமூடியை அணிந்துகொண்டு காகங்களைப் பிடித்து விட்டார்கள். பிறகு யார் அந்த முகமூடியை அணிந்து நடந்தாலும் காகங்கள் கூடிக் கத்தின, வருடங்கள் கடந்தும் மறக்கவில்லை. காகம் மனித முகத்தை அறியும் என்பது இப்படி நிறுவப்பட்டது. அதைக் கொண்டு கருடனும் அப்படித்தான் என்று நான் சொல்லத் துணிய மாட்டேன். உங்கள் விடயத்தில் எளிய விளக்கம் ஒன்று போதும் என்று நினைக்கிறேன். தினமும் ஒரே நேரத்தில் மாடிக்கு ஏறி, பத்து நிமிடம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவர் அம்மா. அப்பா எப்போதாவது தண்ணீர்த் தாங்கியைப் பார்க்க ஏறி உடனே இறங்கிவிடுகிறார். பாய்கிற பறவைகள் பெரும்பாலும் முதுகுப் பக்கமாகத்தான் வருகின்றன. அதையே பார்த்துக்கொண்டு நிற்கும் ஆளிடம் நெருங்கத் தயங்கும்.

தோஷம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. நானும் கோணேசரைக் கும்பிட்டு வளர்ந்தவன். கும்பாபிஷேகத்தின்போது கோபுரத்துக்கு மேலே கருடன் வட்டமிட்டால் கையெடுத்துக் கும்பிடுகிற கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன், இன்றைக்கும் நிற்பேன். காகம் தலையில் தட்டினால் சனி பிடிக்கும் என்ற பயம் நம் வீடுகளில் பழையது. காகம் தலையில் தட்டியதாக என்னிடம் சொன்னவர்களிடம் எல்லாம் நான் ஒரு கேள்வி கேட்பேன்: பக்கத்து மரத்தில் கூடு இருந்ததா? தேடிப் பார்த்தவர்கள் அநேகமாக எல்லோரும் கூட்டையோ பறக்கத் தெரியாத குஞ்சையோ கண்டார்கள். அம்மாவின் மனம் கலங்கியிருந்தால் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், விளக்கேற்றட்டும், மனதுக்கு ஆறுதல் வேண்டியதுதான். ஆனால் பெருமாளின் வாகனம் என்று நாம் கும்பிடுகிற பறவையின் கூட்டைத் தறித்துத் தோஷம் கழிப்பதாகச் சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இன்று முதல் அம்மா செய்ய வேண்டியது இது. மாடிக்குப் போகும்போது குடை பிடித்துக்கொண்டு போகட்டும். விரித்த குடைக்கு மேலே கருடன் பாயலாம், குடைக்குள் வராது. முடியுமானால் சில வாரங்களுக்குக் கொடியை மாடியிலிருந்து இறக்கிக் கிணற்றடிப் பக்கம் கட்டுங்கள், பாதிப் பிரச்சினை அதோடு போய்விடும். கருடனைப் பார்த்தால் கையை வீச வேண்டாம், ஓடவும் வேண்டாம், அதன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே மெதுவாக இறங்கட்டும். கண்ணைக் காக்கக் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. தொப்பியின் பின்பக்கம் இரண்டு கண்களை வரைந்தால் பாயாது என்று ஒருவர் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அவுஸ்திரேலியாவில் பாயும் மக்பை பறவைகளுக்காக அப்படிச் செய்கிறார்கள், சிலருக்குப் பலித்தது, சிலருக்குப் பலிக்கவில்லை. செய்து பார்ப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் குடை இருக்கும்போது அதை நம்பிப் போக வேண்டாம். கல் எறிவதையும் பட்டாசு கொளுத்துவதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். தாய் பயந்து பறந்தால் கூட்டில் மிஞ்சியிருக்கும் குஞ்சு வெயிலில் காயும், காகமும் வந்துவிடும். இன்னுமொன்று, மீன் வெட்டிய கழிவை வளவில் எறிவதாக எழுதியிருந்தீர்கள். கரைவலை இழுக்கிற இடத்தில் கருடன்கள் மனிதனுக்குப் பத்தடிக்குள் வந்து சூடை மீனையும் கீரி மீனையும் பொறுக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். மனிதனை அண்டினால் மீன் கிடைக்கும் என்று அவற்றுக்குப் பழகிவிட்டது. உங்கள் வளவிலும் அந்தப் பாடத்தைக் கற்பிக்க வேண்டாம், கழிவைக் குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள்.

இப்போது குஞ்சுக்கு வருகிறேன், என் மனம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. முதலாவது, அதன் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். பறவையின் மூச்சுக்குழாய்த் துளை நாக்கின் வேர்ப்பக்கத்தில், வாய்க்குள்ளேயே இருக்கிறது. ஊற்றுகிற தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், வெயிலில் மயங்கி விழுந்த கருடன் ஒன்றுக்கு நானே இந்தத் தவறைச் செய்தேன். கரண்டியால் மூன்று முறை ஊற்றினேன். அது தும்மியது, மூக்குத் துளையில் குமிழி வந்தது, என் மேசையிலேயே செத்துப்போனது. படித்துப் பட்டம் பெற்ற என் கையால் நடந்தது அது. அன்றைய தினத்தை இன்றும் மறக்கவில்லை. இறைச்சி, மீன் தின்னும் குஞ்சுக்குத் தேவையான நீரில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது.

சோறு, பாண், பால் எதுவும் கொடுக்க வேண்டாம், அதன் வயிறு அதற்குப் படைக்கப்பட்டதில்லை. கருவாடும் கூடாது, உப்பு கொன்றுவிடும். மூன்று நாளாகத் தாய் ஊட்டவில்லை என்பதால் அதன் வயிறு ஒட்டியிருக்கும். உப்பில்லாத புதிய நெத்தலியையோ சிறிய சூடையையோ முள்ளோடு துண்டுகளாக வெட்டி, இடுக்கியால் அலகுக்கு முன்னே பிடியுங்கள். எடுத்தால் எடுக்கட்டும், எடுக்காவிட்டால் திணிக்க வேண்டாம். உடம்பு குளிர்ந்து தலை தொங்கியிருந்தால் முதலில் வெதுவெதுப்பு, பிறகுதான் உணவு. முள்ளோடு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரு வீட்டில் அன்போடு ஒரு மாதம் முழுக்க எலும்பில்லாத கோழி இறைச்சியாகவே ஊட்டி வளர்த்த குஞ்சை என்னிடம் கொண்டுவந்தார்கள். பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தது. தரையில் விட்டபோது நிற்க முடியவில்லை, கால் எலும்புகள் இரண்டும் வில்லாக வளைந்திருந்தன. சுண்ணாம்புச் சத்து இல்லாமல் வளர்ந்த எலும்பு. அதைத் திருத்த என்னிடம் வழி இருக்கவில்லை. மீன் மட்டும் கொடுத்து நெடுநாள் வளர்ப்பதும் ஆபத்து, சில மீன்களில் பீ1 விட்டமினை அழிக்கும் பொருள் இருக்கிறது, பின்னர் வலிப்பு வரும். இவற்றையெல்லாம் தாண்டி வளர்த்தாலும் அது மனிதனைத்தான் தன் இனம் என்று எண்ணும். பறந்த பிறகும் சாப்பாடு கேட்டு வழியில் போகிறவரின் தோளில் வந்து இறங்கும். அப்படி இறங்குகிற பறவையை யாராவது தடியால் அடிக்கத்தான் செய்வார்கள்.

ஆகவே எப்படி வளர்ப்பது என்ற கேள்விக்கு என் பதில், வளர்க்க வேண்டாம், திருப்பிக் கொடுங்கள். மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள், அது தவறு. தாய்ப் பறவை குஞ்சின் குரலுக்கும் தோற்றத்துக்கும் வருகிறது, நம் கையின் வாசத்துக்காக அதைக் கைவிடுவதில்லை. மூன்று நாள் கழித்தும் ஏற்குமா என்று கேட்டால், கட்டாயம் ஏற்கும் என்று என்னால் உறுதி தர முடியாது. ஆனால் குஞ்சு கத்தும்போதெல்லாம் தாய் கோழிக்கூட்டின் கூரைக்கு மேலே வட்டமிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைவிடப் பெரிய சாட்சி எனக்கு வேண்டாம். குஞ்சு விழுந்த பிறகு தாக்குதல் கூடிவிட்டது என்று நீங்கள் வியந்ததற்கும் காரணம் அதுதான். அதன் பிள்ளை உங்கள் வீட்டுக்குள்ளிருந்து கத்துகிறது.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் குஞ்சைப் பாருங்கள். கையில் தடித்த துவாயைச் சுற்றி, பின்பக்கமாகப் போர்த்தி, இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடியுங்கள். அலகைவிட நகத்துக்குத்தான் பயப்பட வேண்டும். தலையைத் துணியால் மூடினால் அடங்கிவிடும். நகம் உங்கள் கையில் பதிந்துவிட்டால் இழுக்க வேண்டாம். அதன் கால் மடங்கும்போது விரல்கள் தாமாக இறுகும், காலை நீட்டிப் பிடித்தால் தளரும். இரண்டு இறக்கைகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா, ஒன்று தொங்குகிறதா? இரண்டு காலிலும் நிற்கிறதா? கண் தெளிவாக இருக்கிறதா? இரத்தம், ஈ முட்டை, புழு ஏதாவது இருக்கிறதா? இவற்றில் ஒன்றாவது சரியில்லை என்றால் மரத்தில் வைக்க வேண்டாம், அதற்கான வழியைக் கீழே சொல்கிறேன். எல்லாம் சரியென்றால் ஒரு பெரிய பனையோலைக் கடகத்தை எடுங்கள். மழைநீர் வடிய அடியில் சில துளைகள் போட்டு, உள்ளே குச்சிகளும் காய்ந்த இலைகளும் பரப்புங்கள். மரம் ஏறத் தெரிந்த ஒருவரைக் கொண்டு, கூட்டுக்கு இயன்றவரை அருகில், நிழல் விழும் கிளைக்கவட்டில் அதைக் கட்டிக் குஞ்சை உள்ளே வையுங்கள். ஏறுகிறவருக்கு தலைக்கவசம் கட்டாயம், மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போதும். விடியற்காலையில் செய்தால் தாய் திரும்ப ஒரு முழுப் பகல் இருக்கும். பிறகு எல்லோரும் வீட்டுக்குள் போய்விட வேண்டும். யன்னலால் பாருங்கள். தாய் முதலில் பக்கத்துக் கிளையில் நெடுநேரம் உட்கார்ந்திருக்கும், உங்களுக்குப் பொறுமை போகும், அப்போதும் வெளியே வர வேண்டாம். மாலை வரை தாயும் தந்தையும் ஒரு முறைகூடக் கடகத்துக்கு வரவில்லை என்றால் குஞ்சை இறக்கிவிடுங்கள்.

காயம் இருந்தாலோ தாய் வராவிட்டாலோ, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்து, மூடி, சத்தமில்லாத இடத்தில் வைத்து, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அவசர இலக்கம் 1992. கம்பிக் கூட்டில் வைக்க வேண்டாம், இறகு முறிந்தால் அடுத்த இறகு முளைக்கும் வரை அந்தப் பறவைக்குப் பறப்பு இல்லை. வீட்டில் இருக்கும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்கவும் வேண்டாம். மாடுகளுக்குப் போட்ட டைக்குளோபினாக் என்ற சாதாரண வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, இந்தியாவில் வெண்முதுகுக் கழுகினத்தில் 99 சதவீதத்துக்கும் மேல் அழித்துவிட்டது. 2006இல்தான் அங்கே அதை மாடுகளுக்குப் போடத் தடை வந்தது. நமக்கு நல்லதென்று தெரிந்த மருந்து அவற்றுக்கும் நல்லதாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. குஞ்சைத் தொட்ட ஒவ்வொரு முறையும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், வீட்டுக் கோழிகளோடு சேர்த்து அதை விடாதீர்கள்.

மரத்தைத் தறிப்பது பற்றி. விலங்கின, தாவர பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. விதிவிலக்கான சில இனங்கள் தவிர்ந்த காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் அடைத்து வைப்பதும் முட்டையையும் கூட்டையும் எடுப்பதும் குற்றம். உங்கள் கடற்கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில், நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவு 1963இல் சரணாலயமாகி 2003இல் தேசிய பூங்காவானது. அந்தத் தீவுக்குப் பெயர் தந்த மாடப்புறாக்கள் அங்கே பாறை இடுக்குகளில் குஞ்சு பொரிக்கின்றன. அங்கே போனால் கூட்டைத் தொடக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். சட்டம் பூங்காவின் எல்லையோடு நிற்பதில்லை, உங்கள் வாகை மரத்தின் கூட்டுக்கும் அது உண்டு. குஞ்சைக் கோழிக்கூட்டில் வைத்திருப்பதும் சட்டப்படி சரியில்லை. நீங்கள் காப்பாற்றத்தான் எடுத்தீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனாலும் சீக்கிரம் கையை விட்டுப் போக வேண்டும். இன்னும் சில வாரம் பொறுத்தால் குஞ்சுகள் பறந்துவிடும், பாய்ச்சல் தானாக நிற்கும். கருடன் வருடா வருடம் அதே பக்கத்துக்குத் திரும்பி வருகிற பறவை என்பதால் அடுத்த மார்கழியிலும் அதே மரத்தைத் தேடலாம். அது உங்களுக்கு உண்மையிலேயே தாங்க முடியாது என்றால், ஆவணி, புரட்டாதியில், கூடு வெறுமையாக இருக்கும்போது, மாடியை நோக்கி நீளும் கிளையை மட்டும் கழிப்பது பற்றி யோசியுங்கள், அப்போதும் திணைக்களத்திடம் கேட்டுவிட்டு.

கடைசியாகக் கடகத்தைக் கட்டும் கயிறு. ஒரு வைகாசி மாதம், கச்சான் காற்று பிடித்த நாள், திருக்கடலூர்ப் பக்கத்து மீனவர் ஒருவர் கடற்கழுகு ஒன்றைச் சாக்கில் கொண்டுவந்தார். யாரோ அறுத்து எறிந்த தங்கூசி, அதாவது நைலோன் மீன்பிடி நூல், இறக்கையில் சுற்றி, மரக்கிளையில் இரண்டு நாள் தலைகீழாகத் தொங்கியிருக்கிறது. மூன்று கிலோ இருக்கும். நான் கால்களைப் பிடிக்க, அவர் வெற்றுக் கையால், வலை அவிழ்க்கிற பொறுமையோடு ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தார். அந்தப் பறவை ஒரு முறைகூடத் திமிறவில்லை. கண்ணின் உள் இமை மட்டும், பால் நிறத்தில், மூக்குப் பக்கத்திலிருந்து வந்து மூடி மூடித் திறந்தது. கடைசிச் சுற்று தசையை அறுத்துக்கொண்டு எலும்பில் இறங்கியிருந்தது, அதற்கு அப்பால் இறக்கை குளிர்ந்துபோயிருந்தது. மூன்றாம் நாள் செத்துவிட்டது. அந்த மீனவர் அடுத்த நாள் முதல் கரையில் கிடக்கும் தங்கூசித் துண்டுகளைப் பொறுக்கி வாடியில் ஒரு போத்தலில் போட்டு வைக்கத் தொடங்கினார், பல வருடம் கழித்துப் போனபோதும் அந்தப் போத்தல் அங்கே இருந்தது. உங்கள் வீட்டிலும் தங்கூசிதான் முதலில் கையில் அகப்படும், அதை எடுக்க வேண்டாம். தென்னந்தும்புக் கயிறு வாங்குங்கள், முடிச்சுப் போட்டபின் மிஞ்சும் நுனியைக் குட்டையாக வெட்டிவிடச் சொல்லுங்கள்.